பைக்கில் ஒரு கம்ப்யூட்டர்: சாவி யாரிடம்?

கம்ப்யூட்டர் பத்திரிகையில் மோட்டார் பைக்குக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு விற்பனைக்கு வந்த பெட்ரோல் பைக்குகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் பெட்ரோல் அளவைத் தீர்மானிப்பது ஒரு கம்ப்யூட்டர்தான். அரிசி மூட்டை ஏற்றிப் போகும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 கூட இதற்கு விலக்கல்ல. வீட்டில் இருப்பது மேஜை மேல் உள்ள ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தால், வாசலில் நிற்கும் வண்டியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புது பைக் வாங்குபவர்களுக்கு இதில் பெரிதாகத் தேர்வு எதுவும் இல்லை. கடைக்காரர் கொடுப்பது ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டி. பஜாஜ் தன் சில சிறிய பைக்குகளில் எலெக்ட்ரானிக் கார்புரேட்டர் என்ற நடுவழியைக் கொஞ்ச காலம் முயன்று பார்த்தது. மற்றபடி விஷயம் முடிந்துவிட்டது. கேள்வி எல்லாம் செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்குத்தான். 2018 மாடல் கார்புரேட்டர் வண்டியா, 2021 மாடல் இன்ஜெக்ஷன் வண்டியா? அலுவலகத்தில் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில், "எந்த லேப்டாப் வாங்கலாம்?" என்பதற்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஜெக்ஷன் வண்டியை வாங்குங்கள். ஆனால் அதை எதிர்க்கும் மெக்கானிக் சொல்வதையும் காது கொடுத்துக் கேளுங்கள். அவர் சொல்வதில் பாதி தவறு. மீதிப் பாதி, நாம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் கார்புரேட்டர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இன்ஜின் காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்று ஒரு குறுகலான கழுத்து வழியாகப் போகும்போது வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த இடத்துக்குக் கீழே உள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோல் தானாக மேலேறி வந்து காற்றோடு கலக்கிறது. கிண்ணத்தில் எவ்வளவு பெட்ரோல் நிற்க வேண்டும் என்பதை ஒரு மிதவை பார்த்துக்கொள்கிறது. எவ்வளவு மேலேற வேண்டும் என்பதைப் பைலட் ஜெட், மெயின் ஜெட், நீடில் ஆகிய மூன்றும் பார்த்துக்கொள்கின்றன. கரண்ட் இல்லை, புரோகிராம் இல்லை. பித்தளையில் போட்ட ஒரு ஓட்டையின் விட்டம்தான் அதன் சாஃப்ட்வேர். அழகான கண்டுபிடிப்பு. பொறியியல் படித்த எவரும் இதைக் கேலி செய்ய மாட்டார்கள்.

ஆனால் அந்த ஓட்டைக்கு வெளியுலகம் தெரியாது. மேட்டுப்பாளையத்தில் டியூன் செய்த வண்டியில் ஊட்டிக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. காற்று மெலிந்துவிட்டது, ஓட்டையின் அளவு அப்படியே இருக்கிறது. கலவையில் பெட்ரோல் கூடிப்போகிறது. பிக்கப் விழுகிறது, பிளக்கில் கரி படிகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் ஆக்சிலேட்டரை முறுக்கியும் வண்டி முக்கிக்கொண்டு ஏறுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இன்ஜெக்ஷன் வண்டியில் நடப்பது வேறு. பெட்ரோல் டேங்குக்குள் ஒரு பம்ப் உட்கார்ந்திருக்கிறது. அது பெட்ரோலைச் சுமார் 3 பார் அழுத்தத்தில் இன்ஜெக்டருக்கு அனுப்புகிறது. இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு நுண்ணிய வால்வு. அது எத்தனை மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும் என்று சொல்வதுதான் ஈ.சி.யு. எனப்படும் அந்தச் சின்னக் கம்ப்யூட்டரின் வேலை. உங்கள் பைக் 6,000 ஆர்.பி.எம்.மில் ஓடுகிறது என்றால் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு விநாடிக்கு 50 முறை காற்றை உறிஞ்சுகிறது. அதாவது 20 மில்லி விநாடிக்கு ஒரு முடிவு. பிரவுசரில் ஒரு டேபைத் திறப்பதற்குள் அது பல முடிவுகளை எடுத்து முடித்திருக்கும்.

எப்படி முடிவெடுக்கிறது? எக்செல் தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு ஒர்க்‌ஷீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேலே வரிசையாக ஆர்.பி.எம். பக்கவாட்டில் ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கியிருக்கிறீர்கள் என்ற அளவு. ஒவ்வொரு செல்லிலும் ஒரு எண். அந்த நிலையில் இவ்வளவு பெட்ரோல் ஊற்று என்று பொருள். இந்த அட்டவணைக்கு 'மேப்' என்று பெயர். நீங்கள் இரண்டு செல்களுக்கு நடுவே எங்காவது இருந்தால் பக்கத்தில் உள்ள எண்களைக் கொண்டு இடைப்பட்ட மதிப்பைக் கணக்கிட்டுக்கொள்ளும். அதன் மேல் காற்றின் அழுத்தம், காற்றின் வெப்பம், இன்ஜின் வெப்பம் என்று சென்சார்கள் தரும் தகவலை வைத்துத் திருத்தம் செய்யும். காலையில் சோக் இழுக்க வேண்டாம் என்பதும், ஊட்டி ஏறினாலும் வண்டி மூச்சு வாங்காது என்பதும் இதனால்தான்.

சைலன்சர் பக்கம் ஆக்சிஜன் சென்சார் ஒன்று இருக்கிறது. எரிந்து வெளியே வரும் புகையை மோப்பம் பிடித்து, பெட்ரோல் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று ஈ.சி.யு.வுக்குச் சொல்லும். அடுத்த முறை ஈ.சி.யு. கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ ஊற்றும். தன் வேலையின் விளைவைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்வது என்பது எந்த ஜெட்டாலும் முடியாத காரியம்.

இது இன்று இன்னொரு காரணத்தாலும் முக்கியம். 2025ஆம் ஆண்டில் இந்தியாவில் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு என்ற நிலை எட்டப்பட்டது. கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிராம் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்ததற்குச் சுமார் 13.5 கிராம் போதும். அதே அளவு காற்றுக்கு இப்போது கூடுதலாக எரிபொருள் ஊற்ற வேண்டும் என்று அர்த்தம். இன்ஜெக்ஷன் வண்டியில் ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்து ஓரளவு சரிசெய்துவிடும். பழைய கார்புரேட்டருக்குப் பங்க்கில் என்ன மாறியது என்று தெரியாது. கலவை மெலிந்து, இன்ஜின் சூடேறி, காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். நல்ல மெக்கானிக் ஒருவர் ஒரு சைஸ் பெரிய மெயின் ஜெட் போட்டு இதைச் சரிசெய்துவிடுவார். ஆனால் அப்படிச் செய்ய வேண்டும் என்று வண்டி தானாகச் சொல்லாது. மற்றபடி எத்தனாலால் மைலேஜ் கொஞ்சம் குறைவது இரண்டு வகைக்கும் பொது. எத்தனாலில் அடங்கிய சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதை எந்தக் கம்ப்யூட்டராலும் மாற்ற முடியாது.

ஆக, எந்திரம் என்ற அளவில் போட்டி முடிந்துவிட்டது. ஆனாலும் இன்ஜெக்ஷன் நம் நாட்டில் ஒரே நாளில் ஜெயிக்கவில்லை. ஹீரோ ஹோண்டா 2006லேயே கிளாமரை இன்ஜெக்ஷனோடு விற்றது. பஜாஜ் 2007ல் பல்சர் 220ஐ இன்ஜெக்ஷனோடு கொண்டு வந்து, 2009ல் அதே வண்டியைக் கார்புரேட்டருக்குத் திருப்பிக்கொண்டு போனது. விலை குறைந்தது, வண்டியும் பிய்த்துக்கொண்டு விற்றது. விலையும் மெக்கானிக்கின் பழக்கமும் சேர்ந்தால் எந்தத் தொழில்நுட்பத்தையும் பத்து வருடம் தள்ளிப்போடலாம். விண்டோஸ் எக்ஸ்.பி.யை விட மறுத்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கார்புரேட்டர் என்றால் ஏதோ வெளிநாட்டுச் சமாசாரம் என்றும் நினைக்க வேண்டாம். ஜப்பானின் மிக்குனியோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் வளர்ந்த யூகால் நிறுவனம் கார்புரேட்டர் செய்தே பெயர் வாங்கியது. ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டினார்கள்.

இப்போது அந்த மெக்கானிக்கிடம் வருவோம். இன்ஜெக்ஷன் வண்டி வேண்டாம் என்பதற்கு அவர் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் சில. பேட்டரி செத்தால் வண்டி செத்தது என்பார். பெரும்பாலான வண்டிகளுக்கு இது உண்மைதான். பம்ப்பும் ஈ.சி.யு.வும் ஓடக் கரண்ட் வேண்டும். தள்ளி ஸ்டார்ட் செய்வது, பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால்தான் பலிக்கும். ரிசர்வ் திருகு இல்லை என்பார். அதுவும் உண்மை. டேங்கைக் காய விட்டு ஓட்டினால் பெட்ரோலில் மூழ்கியிருந்து குளிர வேண்டிய பம்ப் சூடேறிப் பழுதாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்ஜெக்ஷன் வண்டிக்கு மைலேஜ் வராது, சீக்கிரம் பழுதாகும் என்றும் சொல்வார். அது தவறு. பேட்டரியைக் கவனித்து, டேங்கில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் வைத்திருந்தால் இன்ஜெக்ஷன் பாகங்கள் கார்புரேட்டர் அளவுக்குக் கூடக் கவனிப்புக் கேட்பதில்லை.

அவர் கடைசியாகச் சொல்வதுதான் விஷயம். தேனி மாவட்டத்தில் இருக்கும் என் மாமாவின் பைக்கில் ஒரு நாள் மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. ஐடிலிங்கில் வண்டி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. 40 கிலோமீட்டர் தள்ளி இருந்த கம்பெனி சர்வீஸ் சென்டரில் த்ராட்டில் பாடியை முழு செட்டாக மாற்ற வேண்டும் என்றார்கள். என்ன கோளாறு என்று கேட்டதற்கு, "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் காட்டுது சார்" என்பதுதான் பதில். கம்ப்யூட்டர் அப்படிக் காட்டாது. எந்தக் கம்ப்யூட்டரும் ஒரு எர்ரர் கோடைத்தான் காட்டும். எதை மாற்றுவது என்பது மனிதர் எடுக்கும் முடிவு.

மாமாவின் ஊர் மெக்கானிக் சில ஆயிரம் ரூபாய் போட்டு சொந்தமாக ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்திருந்தார். நான் ஊருக்குப் போயிருந்தபோது வண்டியை அவரிடம் கொண்டுபோனோம். ஸ்கேனர் பி0122 என்று காட்டியது. ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சாரிலிருந்து வரும் மின்னழுத்தம் குறைவாக இருக்கிறது என்பது அதன் பொருள். அவர் சென்சாரின் கனெக்டரைப் பிடுங்கிப் பார்த்தார். உள்ளே பின்கள் பச்சை பூத்திருந்தன. துடைத்து மாட்டி, கோடை அழித்தார். விளக்கு அணைந்துவிட்டது. புதுச் சாமான் எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை.

"நல்லா இருக்கே அண்ணே, அப்புறம் எதுக்கு இன்ஜெக்ஷன் வேண்டாம்கிறீங்க?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற இன்னொரு வண்டியைக் காட்டினார். அதிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்கேனரில் பி1 என்று ஆரம்பிக்கும் ஒரு கோடு. அதற்கு என்ன அர்த்தம் என்று ஸ்கேனருக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை, வெளியிலும் எங்கும் கிடைக்கவில்லை.

"கார்புரேட்டர்னா கழட்டிப் பார்த்துடலாம் தம்பி. அடைச்சிருக்கா, தேஞ்சிருக்கான்னு கண்ணுக்குத் தெரியும். இதுல உள்ள என்ன எழுதி வச்சிருக்கான்னு எங்களுக்கு யாரு சொல்றா?" என்றார்.

இது பழமையைப் பிடித்துக்கொண்டு தொங்குபவர் பேசும் பேச்சல்ல. ஸ்கேனர் வாங்கியவர் அவர். அவர் கேட்பது டாக்குமென்டேஷன். என்னைப் போல சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவர்கள் தினமும் கேட்பதும் அதைத்தான்.

விஷயம் இதுதான். பி0 என்று தொடங்கும் கோடுகள் பொதுவானவை. எந்தக் கம்பெனி வண்டியானாலும் அர்த்தம் ஒன்றே. பி1 என்று தொடங்குபவை அந்தந்தக் கம்பெனி தானே வைத்துக்கொள்ளும் கோடுகள். அவற்றின் அர்த்தத்தைக் கம்பெனி வெளியிட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கார்களில் 16 பின் கொண்ட ஒரே வகை சாக்கெட் வெகுகாலமாக இருக்கிறது. மலிவான புளூடூத் அடாப்டரை மாட்டி மொபைலிலேயே பார்த்துக்கொள்ளலாம். பைக்குகளில் ஆளுக்கொரு வடிவத்தில் சாக்கெட் வைத்தார்கள். பைக்குகளுக்கென்று ஐ.எஸ்.ஓ. 19689 என்ற தரத்தின்படி 6 பின் சாக்கெட் வந்தது பிறகுதான். நம் நாட்டில் 2023 ஏப்ரலிலிருந்து ஓ.பி.டி. இரண்டாம் கட்டம் பைக்குகளுக்கு வந்துவிட்டது. புகையைப் பாதிக்கும் கோளாறுகளை வண்டியே கண்காணித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு செய்கிறது, சரி. வண்டிக்குப் பணம் கொடுத்தவர் அதைப் படிக்க வேண்டாமா?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சில பழைய இன்ஜெக்ஷன் பைக்குகளில் ஸ்கேனரே தேவைப்படவில்லை. சீட்டுக்கு அடியில் உள்ள கனெக்டரில் இரண்டு பின்களை ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டுச் சாவியைப் போட்டால் மஞ்சள் விளக்கு கண் சிமிட்டும். நீளமாக ஒரு சிமிட்டல் என்றால் பத்து. குட்டையாக ஒன்று என்றால் ஒன்று. எண்ணிக் கூட்டினால் கோடு கிடைத்துவிடும். மானிட்டரில் ஒன்றும் வராமல் போகும்போது கம்ப்யூட்டரின் மதர்போர்டு 'பீப்... பீப் பீப்' என்று கத்தி ராம் சரியில்லை என்று சொல்லுமே, அதே யோசனைதான். பத்துப் பைசா செலவில்லாத ஏற்பாடு. அது இருந்தபோது சுட்ட கோடு அட்டவணை ஒன்றைச் சுவரில் ஒட்டி வைத்திருந்த ஒர்க்‌ஷாப்கள் உண்டு.

கம்பெனிகள் இதற்குச் சொல்லும் பதிலையும் பார்க்க வேண்டும். ஈ.சி.யு.வைத் திறந்து விட்டால் யாராவது மேப்பை மாற்றி, புகை விதியை மீறி, இன்ஜினையும் கெடுத்துவிட்டு வாரன்டி கேட்டு வருவார்கள் என்கிறார்கள். திருட்டுப் பயமும் இருக்கிறது என்கிறார்கள். இந்தக் கவலை நியாயமானது. ஆனால் இதற்கு விடை நம் துறையில் பல வருடங்களாக இருக்கிறது. யூனிக்ஸில், லினக்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் படிக்கும் அனுமதி வேறு, எழுதும் அனுமதி வேறு. ஒருவருக்கு ஃபைலைப் படிக்கக் கொடுத்துவிட்டு எழுத விடாமல் தடுக்கலாம். பைக்கிலும் அதையே செய்யுங்கள் என்கிறேன். மேப்பை எழுதும் உரிமையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எர்ரர் கோடையும், சென்சார்கள் அந்த நொடியில் சொல்லும் அளவுகளையும், கோடுகளின் அர்த்தத்தையும் எல்லோரும் படிக்கக் கொடுங்கள். படிப்பதால் புகை கூடாது. வண்டியும் திருடு போகாது.

இப்போது நடப்பது என்ன? எழுதும் அனுமதியைக் காரணம் காட்டிப் படிக்கும் அனுமதியையும் சேர்த்துப் பூட்டுகிறார்கள். பூட்டினால் வேலை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாரன்டி முடிந்த பிறகும் வண்டி கம்பெனி ஷோரூமுக்கே வர வேண்டும். சென்னையிலும் கோவையிலும் இருப்பவர்களுக்கு அது ஒரு அரை நாள் எரிச்சல். உணவு டெலிவரி செய்பவருக்கு அது ஒரு நாள் சம்பளம். ஷோரூமிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு வண்டியை மினி லாரியில் ஏற்றும் செலவு. தெருமுனை ஒர்க்‌ஷாப்புக்கோ அது மெல்ல மெல்ல ஷட்டரை இறக்கும் வேலை. கார்புரேட்டர் வண்டிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வரும். பஞ்சரும் ஆயில் சேஞ்சும் மட்டும் பார்த்து எத்தனை பேர் கடை நடத்த முடியும்?

அரசாங்கம் இதை யோசிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைல், வீட்டு உபயோகப் பொருள்கள் ஆகியவற்றோடு வாகனங்களும் அதன் பட்டியலில் இருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் ஒரு இணையதளமும் தொடங்கப்பட்டது. ஆனால் இணையதளத்தில் சர்வீஸ் சென்டர் முகவரியும் வாரன்டி விவரமும் கொடுத்தால் போதாது. பி1 கோடுகளின் அட்டவணை வேண்டும். வயரிங் படம் வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012ல் மக்கள் ஓட்டுப் போட்டே கார்களுக்கு இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கம்பெனியின் சொந்த டீலருக்குக் கிடைக்கும் பழுதுபார்க்கும் தகவல் வெளி மெக்கானிக்குக்கும் நியாயமான விலையில் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இலவசமாகக் கூடக் கேட்கவில்லை, பாருங்கள்.

இன்ஜெக்ஷன் என்பதே மூடி வைத்தால்தான் ஓடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்பீடுயினோ என்று ஒரு ஓப்பன் சோர்ஸ் ஈ.சி.யு. இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் புராஜெக்ட் செய்யும் ஆர்டுயினோ போர்டில் ஓடுகிறது. அதன் சோர்ஸ் கோடை யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். பெட்ரோல் அட்டவணை எங்கே, வெப்பத் திருத்தம் எங்கே என்று வரி வரியாகப் பார்க்கலாம். ரோட்டில் ஓடும் வண்டியில் இதை மாட்டச் சொல்லவில்லை. அது விதிக்கும் புறம்பு, ஆபத்தும் கூட. ஆனால் எலெக்ட்ரானிக்ஸில் ஆர்வமுள்ள தம்பி தங்கைகள் படித்துப் பார்த்தால் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் மந்திரம் எதுவும் இல்லை என்று புரிந்துவிடும்.

சரி, செகண்ட் ஹேண்டில் இன்ஜெக்ஷன் வண்டி பார்க்கப் போகிறீர்கள். என்ன பார்க்க வேண்டும்? இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். சாவியைப் போட்டதும் டேங்குக்குள் பம்ப் இரண்டு மூன்று விநாடி 'ஙொய்' என்று முனகும். அந்தச் சத்தம் சீராக இருக்க வேண்டும். மஞ்சள் விளக்கு முதலில் எரிந்தே ஆக வேண்டும். சில வண்டிகளில் சில விநாடிகளிலும், மற்றவற்றில் இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அது அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு இருக்கிறது. எரியவே இல்லை என்றால் யாரோ விளக்கையே பிடுங்கியிருக்கலாம். அது அதைவிட மோசம்.

பிறகு சீட்டைத் தூக்கிச் சாக்கெட் எங்கே இருக்கிறது, எத்தனை பின் என்று பார்த்து மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தப் போட்டோவோடு உங்கள் தெரு மெக்கானிக்கிடம் போய், அவர் ஸ்கேனர் இந்த மாடலைப் படிக்குமா என்று கேளுங்கள். படிக்கும் என்றால், வண்டிக்காரர் அனுமதியோடு அவரையே கூட்டிப்போய் மாட்டிப் பார்க்கச் சொல்லி, அதற்கு உண்டான கூலியைக் கொடுத்துவிடுங்கள்.